புதுப்பிப்பு: 2024-இல் பிடித்த பாப், கன்ட்ரி பாட்டுகள்

முதல் பதிவில் பியான்சேயின் 'டெக்ஸஸ் ஹோல்டெம்', சப்ரினா கார்ப்பென்டரின் 'எஸ்பிரெசோ', ஷபூசியின் 'எ பார் சாங்' என்று வரிசை போட்டிருந்தேன். இப்போது ஷபூசி இரண்டுக்கு ஏறிவிட்டார். அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-இல் 19 வாரம் முதலிடம் என்பதற்காக இல்லை. 2004-இல் ஜே-குவான் ராப்பாகப் பாடிய 'டிப்சி'யின் ஒன்று, இரண்டு என்று எண்ணும் வரியை அக்கூஸ்டிக் கிட்டார்மேல் உட்காரவைத்த விதம், கேட்கக் கேட்கத்தான் பிடிபடுகிறது.

பிளேலிஸ்ட்டில் 'டெக்ஸஸ்' சப்பென்று இருக்கிறது என்றவர்கள் ஆப்பில் கிராஸ்ஃபேடைப் பாருங்கள், அதாவது ஒரு பாட்டின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒன்றன்மேல் ஒன்று கலக்கும் வசதி. பாட்டு பாஞ்சோ என்ற நரம்புக் கருவியில் தொடங்குகிறது. வாசிப்பவர் ரியானன் கிடன்ஸ், வயோலாவும் அவர்தான். கிராஸ்ஃபேட் 5 விநாடி என்றிருந்தால் முந்தைய பாட்டின் வால் அந்த பாஞ்சோவை மூடிவிடும். செட்டிங்ஸில் பூஜ்யமாக்குங்கள்.

தரவரிசை வேறு, கேட்கும் வரிசை வேறு. 'எஸ்பிரெசோ' நிமிடத்துக்கு 104 தட்டு, 'டெக்ஸஸ்' 110; இரண்டும் அடுத்தடுத்து ஒட்டும். ஷபூசி சுமார் 81. நடுவில் செருகினால் வேகம் தொப்பென்று விழும், கடைசியில் வையுங்கள்.

போஸ்ட் மலோன், மார்கன் வாலன் பாடிய 'ஐ ஹேட் சம் ஹெல்ப்' எங்கே என்று கேட்டவர்களுக்கு: கோரஸ் நாக்கில் ஒட்டும், பத்து முறைக்குமேல் தாங்காது. சேர்க்கவில்லை.