கோயில் சுவரில் ஓதம் (தரை ஈரம்) ஏறுது, சிமெண்ட் பூசலாமா?

கேள்வி (மண்டபம்_சபையார்):
கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி எங்க சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கோயில். 1947-க்கு முன்னால் ஆங்கிலிக்கன் மிஷன் காலத்துக் கட்டடம். ஒன்றரை அடி கனச் சுவர், உள்ளே பவளப்பாறைக் கல், மேலே சுண்ணாம்புக் காரை. சில வருஷத்துக்கு முன்னால் உள்பக்கம் மூணடி உயரத்துக்கு சிமெண்ட் பூசினார்கள். இப்போ அதுக்கு மேலே, நாலடியில் உப்புப் பூத்துக் காரை பொருக்குப் பொருக்காக உதிருது. ஞானஸ்நானத் தொட்டிக்குப் பின்னால் ரொம்ப மோசம். அஞ்சடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று சேகரக் கமிட்டியில் (ஒரே போதகரின் கீழ் உள்ள சபைகளின் குழு) பேச்சு. இருப்பது நாற்பது குடும்பம், செலவு ஒரு தடவைதான் தாங்கும். நீண்ட சுவர் இரண்டும் நாற்பது அடி நீளம். என்ன செய்யலாம்?

பதில் 1 (சுண்ணாம்புக்காரர்):
டைல்ஸ் வேண்டாம் ஐயா, தயவுசெய்து கமிட்டியை நிறுத்துங்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் காரை வழியாக வெளியே ஆவியாகணும். சிமெண்ட் அந்த வழியை அடைத்ததால்தான் மூணடியில் நிற்க வேண்டியது நாலடிக்கு வந்திருக்கு. டைல்ஸ் போட்டால் ஆறடிக்கு ஏறி ஞாபகார்த்தக் கல்வெட்டுகளைப் பிடிக்கும். ஈரம் காய்கிற இடத்தில் உப்பு படிகமாகி உள்ளிருந்தே காரையைத் தள்ளும்; சிமெண்ட் கெட்டியாக இருப்பதால் பெயரும்போது மெதுவான பவளக் கல்லின் தோலையும் சேர்த்து உரிக்கும். அந்தக் கல்லுக்கு மாற்றுக் கிடையாது. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை எடுப்பது சட்டப்படி குற்றம். இருக்கிற கல்லைக் காப்பாற்றுவதுதான் வேலை.

முதலில் வெளியே பாருங்கள். வருஷக்கணக்கில் மணல் சேர்ந்தும், அதன்மேல் சிமெண்ட் தளம் போட்டும் வெளித்தரை உள்தரையைவிட உயர்ந்திருக்கும். சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்குத் தளத்தை உடைத்து, உள்தரைக்குக் கீழே அரையடி வரை மண்ணை அள்ளுங்கள். அஸ்திவாரத்தின் அடிக்குக் கீழே தோண்டவே கூடாது. தண்ணீர் வெளிப்பக்கம் ஓடச் சரிவு வையுங்கள். ஓட்டுக்கூரைத் தண்ணீர் சுவரடியில் தெறிக்காமல் கூரை விளிம்பில் தகர வாய்க்காலும் கட்டணும். இதைச் செய்யாமல் உள்ளே எதைப் பூசினாலும் வீண்.

பிறகு சிமெண்டையும், ஓதக்கோட்டுக்கு மேலே ஓரடி வரை பழைய காரையையும் சின்ன உளியால் கொத்தி எடுங்கள். டிரில் மெஷின் வேண்டாம், கல் அதிரும். வெளிவரும் உப்பைக் காய்ந்த தென்னந்துடைப்பத்தால் பெருக்கி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேயே போகும். ஒரு கோடை முழுக்கச் சுவர் திறந்தே கிடக்கட்டும். வாரம் ஒருமுறை பெருக்குங்கள். அவசரப்பட்டுப் பூசுவதால்தான் பாதிக் கோயில்களில் வேலை வீணாகிறது.

பதில் 2 (கொத்து_வேலை):
மேலே சொன்னது சரி. கலவை பற்றி மட்டும் சொல்றேன் அண்ணே. நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு. சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, சலித்து, குறைந்தது மூணு வாரம் தண்ணீருக்குள் ஊறவிடணும். நீறாத கட்டி ஒன்று உள்ளே போனாலும் பின்னால் கொப்புளமாக வெடிக்கும். கடல் மணல், உப்புக் கிணற்றுத் தண்ணீர் ரெண்டும் ஆகாது. காவிரிக் கூட்டுக் குடிநீரோ சேமித்த மழைநீரோதான். "பிடிப்புக்குக் கொஞ்சம் சிமெண்ட்" என்று கொத்தனார் கேட்பார், விடாதீர்கள்.

அளவு: ரெண்டு நீண்ட சுவரும் அஞ்சடி உயரத்துக்கு 400 சதுர அடி. ரெண்டு கையாக (ரெண்டு தடவைப் பூச்சாக) மொத்தம் 20 மில்லிமீட்டர் கனம். கல் மேடுபள்ளத்துக்குக் கால்வாசி சேர்த்தால் மணல் சுமார் 33 கன அடி, நீற்றிய சுண்ணாம்பு 11 கன அடி. முதல் கை இறுகி, நகம் வைத்தால் லேசாகக் கோடு விழும் நிலையில் அடுத்த கை. கச்சான் காற்று அடிக்கும்போது ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். வேகமாகக் காய்ந்தால் முடிபோல மெல்லிய வெடிப்பு விழும். பத்து நாள் ஈரம் காக்கணும். மேலே வெறும் சுண்ணாம்பு வெள்ளை. பெயிண்ட் அடித்தால் மறுபடி அடைப்புதான்.

பதில் 3 (சேகர_கணக்கு):
சபை வேலைகளையும் பார்க்கணும். கோயில் சொத்து பொதுவாக சிஎஸ்ஐ டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். சேகரக் கமிட்டித் தீர்மானம், மதிப்பீடு, போட்டோ மூன்றையும் ஐயர் (சபைப் போதகர்) மூலம் திருமண்டல (பிஷப்பின் நிர்வாக) அலுவலகத்துக்கு அனுப்பி, எழுத்தில் அனுமதி வந்த பிறகே உளி வையுங்கள்.

கிறிஸ்துமஸும் வாடைமழையும் முடிந்து ஜனவரியில் கொத்த ஆரம்பித்தால் லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்), ஈஸ்டர் முழுக்கச் சுவர் காயும். ஜூலையில் பூசி, ஐப்பசி மழைக்கு முன் முடிக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு சுவர். மறுபக்கம் பெஞ்சுகளை நகர்த்தி ஆராதனை நடக்கட்டும். ஆல்டர் இருக்கும் கிழக்குச் சுவரைக் கடைசியில் தொடுங்கள். தூசி படுகிற நாளில் திருவிருந்துப் பாத்திரங்களை உபதேசியார் (சபை ஊழியர்) வீட்டில் வைப்பது நல்லது.

ஞானஸ்நான, திருமண, அடக்க ரெஜிஸ்டர்கள் இருக்கும் பீரோ சுவரை ஒட்டி இருந்தால் இன்றே ஓரடி தள்ளி, பலகை மேல் ஏற்றுங்கள். ரெஜிஸ்டரைக் கஞ்சி போடாத பருத்தித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பை வியர்க்கும். சுவரை அடுத்த வருஷமும் பூசலாம், நூறு வருஷத்துப் பெயர்களைத் திரும்ப எழுத முடியாது.

பணத்துக்கு அசனப் பண்டிகை (சபையார் கூடி உண்ணும் விருந்துத் திருநாள்) ஏலத்தில் வரும் கருப்பட்டி, தேங்காய், கருவாடு, கோழித் தொகையைப் பொதுக் காணிக்கையோடு கலக்காமல் கட்டட நிதி என்று தனித்தலைப்பில் எழுதுங்கள். எண்ணும்போது ரெண்டு பேர் கையெழுத்து.

மண்டபம்_சபையார்:
நன்றி ஐயா, அண்ணே. வெளித்தரையை அளந்து பார்த்தோம், உள்தரையைவிட ஏழு அங்குலம் உயரம். தளத்தை உடைப்பதை முதல் தீர்மானமாக எழுதுகிறோம். வடக்குச் சுவரை ஒட்டி ரெண்டு கல்லறை இருக்கு, அங்கே எப்படித் தோண்டுவது?

சுண்ணாம்புக்காரர்:
அங்கே தோண்டாதீர்கள். குடும்பத்தாரிடம் பேசி, கல்லறைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சிமெண்டை மட்டும் எடுத்துச் சரளைக்கல் பரப்புங்கள். அந்த இடத்தில் காரை சீக்கிரம் போகும். எட்டுப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை அந்தத் துண்டை மட்டும் பூசிக்கொள்ளலாம்.