புதுப்பிப்பு: தொடுதிரையில் போன 240 ரூபாய்

போன வாரம் எழுதியிருந்தேனே, சென்னையில் ஒரு செல்ஃப் சர்வீஸ் டிபன் கடை, தொடுதிரையில் அம்மா ஆர்டர் போட்டு யூபிஐ-யில் 240 ரூபாய் கட்டியும் டோக்கன் வராத கதை? பணம் நான்காம் நாள் தானாகவே கணக்குக்குத் திரும்பிவிட்டது.

பலர் கேட்டதால் விதியையும் சொல்கிறேன். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, நம் கணக்கில் பணம் கழிந்தும் கடைக்கு உறுதிச் செய்தி போகாவிட்டால், பணம் கட்டிய நாளுக்கு அடுத்த 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, நாம் கேட்காமலேயே. பரிவர்த்தனை எண்ணை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

நேற்று அம்மாவோடு மறுபடி போனேன். திரையில் தமிழ் பட்டன் இருக்கிறது, ஓரத்தில், கறிவேப்பிலை அளவுக்கு. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் திரை முதல் பக்கத்துக்கே ஓடிவிட்டது. இரண்டு முறை! எனக்கு அதுதான் தாங்கவில்லை. மேலாளரிடம் அந்த நேரத்தைக் கூட்டச் சொன்னேன், குறித்துக்கொண்டார். அப்புறம் மேசை துடைக்கும் பெண் வந்து, "நான் போட்டுத் தரேன்மா, என்ன வேணும்?" என்றார்.

ரவா தோசை. இந்த முறை டோக்கன் வந்தது.