ஒலித் தொகுப்பாளருக்கு ஏற்ற நகரம்: சென்னையா, கொச்சியா?

அனைவருக்கும் வணக்கம். திரைப்பட ஒலித் தொகுப்பாளரான நான், டப்பிங் ஸ்டுடியோக்களும் மிக்சிங் அரங்குகளும் வடபழனி, சாலிகிராமம் பகுதிகளில் அருகருகே இருப்பதாலேயே சென்னையில் வசிக்கிறேன். ஒரு காட்சிக்குக் காலடி ஓசை சரியாக அமையவில்லை என்று இரவில் அழைத்தாலும் உடனே போய் நிற்க முடிகிறது; அடுத்த வாய்ப்பு பெரும்பாலும் அந்த அரங்கின் வாசலில் தேநீர் குடிக்கும்போதுதான் கிடைக்கிறது. ஆனால் வாடகையும் அட்வான்ஸும் கட்டுப்படியாகவில்லை.

ஒரு காலத்தில் கோடம்பாக்கத்தை நம்பியிருந்த மலையாளத் திரையுலகம் இன்று கொச்சியை மையமாகக் கொண்டிருப்பதாலும், 2012 முதல் பினாலே என்னும் பன்னாட்டுக் கலைக் கண்காட்சி நடக்கும் அந்நகரில் பிற கலைஞர்களோடு பழக முடியும் என்பதாலும், அங்கே குடிபெயர விரும்புகிறேன். அவ்வாறு சென்றவர்களுக்குச் சென்னை வாய்ப்புகள் தொடர்ந்தனவா, மலையாளம் சரளமாக வராதவர்களை அங்கு வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறார்களா, காக்கநாடு பக்கம் வாடகை எவ்வளவு என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.