யூரோப்பியன் ப்ராஜெக்ட் செமஸ்டர்: ஆறாம் செமஸ்டரில் போனால் கிரெடிட் கிடைக்குமா?

மெக்_மூன்றாமாண்டு:
கோவையில் மெக்கானிக்கல் படிக்கிறேன். போர்ச்சுகல் கல்லூரி ஒன்றோடு எங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. பிப்ரவரி முதல் ஜூன் வரை, 30 ஈசிடிஎஸ் (ஐரோப்பியக் கல்லூரிகளின் கிரெடிட் அலகு), ஒரே ப்ராஜெக்ட், பல நாட்டுக் குழு. இங்கே அந்த நேரத்தில் ஆறு தியரி, இரண்டு லேப். ஈடாக எடுத்துக்கொள்வார்களா? அங்கே மாணவர்கள் எதில் சறுக்குகிறார்கள்?

கிரெடிட்_கணக்கு:
டென்மார்க்கில் 1995-ல் தொடங்கிய திட்டம் இது. பொதுவாக 20 கிரெடிட் ப்ராஜெக்டுக்கு, மீதி மொழி, மார்க்கெட்டிங், ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் போன்ற சிறு பாடங்களுக்கு. உங்கள் ஹெச்ஓடி "வெறும் ப்ராஜெக்ட்தானே" என்பார். ஒரு ஈசிடிஎஸ் 25 முதல் 30 மணி நேர உழைப்பு, ஆக மொத்தம் 750 முதல் 900 மணி என்று எழுதியே காட்டுங்கள்.

அங்கே என்ன படிக்கப் போகிறீர்கள் என்று எழுதும் லேர்னிங் அக்ரிமென்ட்டில் மூன்று கையெழுத்து வேண்டும்: நீங்கள், உங்கள் கல்லூரி, அந்தக் கல்லூரி. அதோடு நின்றுவிடாதீர்கள். எந்தப் பாடக் குறியீட்டுக்கு எது ஈடு என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமும் எழுத்தில் வாங்குங்கள். இங்கே ரிசல்ட் வரும்போது அங்கே மதிப்பெண் பட்டியலே தயாராகியிருக்காது. கடிதம் இல்லையென்றால் 'ஆப்சென்ட்' என்று விழும், பிறகு அதைத் திருத்த அலைய வேண்டும். ஆறாம் செமஸ்டரைத் தேர்ந்தெடுத்தது நல்லது. ஏழாவதில் போனால் பிளேஸ்மென்ட் போய்விடும்.

விசா: ஷெங்கன் குறுகிய கால விசா 180 நாளில் 90 நாளுக்குத்தான். உங்களுக்கு அது போதாது, போர்ச்சுகலின் தேசிய விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அட்மிஷன் கடிதம் வந்த அன்றே தங்குமிடம், காப்பீடு, வங்கிக் கணக்குத் தாள்களைத் திரட்டத் தொடங்குங்கள்.

பட்டறைவாசி:
15 வாரம் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் தலைப்பு எடுக்கவும் குழு பழகவும் சரியாகப் போய்விடும். ஏழெட்டாம் வாரம் இடைக்கால அறிக்கை. கடைசி இரண்டு வாரம் அறிக்கை, போஸ்டர், வீடியோ. பாகங்களுக்காகக் காத்திருக்கும் நாளையும் கழித்தால் கை வைத்து வேலை செய்ய நான்கு வாரம் மிஞ்சினாலே பெரிது.

அதனால் பாகப் பட்டியலை இடைக்கால அறிக்கைக்கு முன்பே மூடுங்கள். வழக்கமாகக் கல்லூரிதான் ஆர்டர் போடும், கொள்முதல் பிரிவின் ஒப்புதலே ஒரு வாரம் தின்னும். கடை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கட்டும். 2021 ஜூலையிலிருந்து வெளியிலிருந்து வரும் மலிவுப் பார்சலுக்கும் வாட் வரி உண்டு. வரி கட்டாத பார்சல் சுங்கத்தில் கிடக்கும். சென்சாரில் இரண்டு கூடுதலாக வாங்குங்கள், ஒன்று கட்டாயம் கருகும்.

கருகுவதற்குக் காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான். இஎஸ்பி32 என்ற கண்ட்ரோலர் போர்டின் பின்கள் 3.3 வோல்ட். தூரம் அளக்கும் ஹெச்சி-எஸ்ஆர்04 போன்ற 5 வோல்ட் சென்சாரின் எக்கோ ஒயரை நேராகச் செருகாதீர்கள். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் மின்தடைகளால் வோல்டேஜைப் பிரித்துக் கொடுங்கள். மோட்டார் ஓடும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆகிறதா? மோட்டாருக்குத் தனி சப்ளை கொடுங்கள், கிரவுண்ட் மட்டும் பொதுவாக இருக்கட்டும்.

3டி பிரிண்டில் எம்3 போல்ட்டுக்கு 3 மில்லிமீட்டர் துளை போட்டால் நுழையாது, 3.3 வையுங்கள். பிரிண்ட் பிளாஸ்டிக்கில் பிஎல்ஏ வகை 60 டிகிரியிலேயே இளகும், வெயிலில் நிற்கும் பெட்டிக்குப் பிஇடிஜி வகையை எடுங்கள்.

மெக்_மூன்றாமாண்டு:
நன்றி அண்ணா. குழுவில் ஒருத்தர் வேலையே செய்யாவிட்டால்?

பட்டறைவாசி:
சக மதிப்பீடு இருக்கும் தம்பி, ஆனால் ஆதாரம் இல்லாமல் கடைசியில் குறை சொன்னால் எடுபடாது. வாரச் சந்திப்பின் குறிப்பில் வேலை, பொறுப்பாளர், கெடு மூன்றையும் எழுதி அன்றே எல்லோருக்கும் அனுப்புங்கள். இரண்டு கெடு தவறினால் மூன்றாம் வாரமே சூப்பர்வைசரிடம் பேசுங்கள். நம் பிள்ளைகள் செய்யும் தப்பு வேறு: சந்திப்பில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ராத்திரி தனியாக உட்கார்ந்து முழு கேட் (CAD) மாடலையும் முடித்துவிடுவார்கள். அங்கே அது உழைப்பாகத் தெரியாது, குழுவைக் கேட்காமல் முடிவெடுத்ததாகத்தான் தெரியும். பிடிக்காத டிசைனைப் பிடிக்கவில்லை என்று மேசையிலேயே சொல்லுங்கள். அறிக்கையையும் முதல் வாரத்திலிருந்தே எழுதி வாருங்கள், ஒதுக்கிய டிசைன்களை ஏன் ஒதுக்கினீர்கள் என்று தேர்வில் கேட்பார்கள்.