மறுமொழி: ஓவர்கிளாக்கிங் – மிகைக்கடிகாரமா, மேற்காலமா?

திருநகரிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்காக நான் எழுதிவரும் கணினிப் பழுதுநீக்கக் கையேடு செயலி, ரேம் (நினைவகம்) போன்ற உறுப்புகளைத் தரம் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிற ‘ஓவர்கிளாக்கிங்’ என்ற இடத்தில், தமிழ்ச் சொல் கிடைக்காமல் வந்து நின்றுவிட்டது. இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: மிகைக்கடிகாரம், மிகைமுடுக்கம், மேற்காலம். மூன்றாவது நம் தவில் வித்துவான் தந்தது. சிம்மக்கல் தம்பி அன்றாடம் இந்த வேலையில் கைவைப்பவர். அவர் வாய் திறக்காமல் முடிவெடுக்க எனக்கு மனமில்லை.

சிம்மக்கல்லிலிருந்து:

ஐயா, வணக்கம். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட வாரம் முழுவதும் இந்தச் சொல்லுக்குரிய பொருளோடுதான் கடையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

செல்லூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் தன் விளையாட்டுக் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆட்டத்தின் நடுவில் திரை நீலமாகி நின்றுவிடுகிறது. மறுபடி போட்டால் அரை மணி நேரம் ஓடுகிறது, பிறகு அதே கதை. கிராஃபிக்ஸ் கார்டுதான் பழுது என்று முடிவுகட்டி, அதை விற்க ஆளும் பார்த்துவைத்திருந்தார். “ரேமில் ஏதாவது மாற்றினீர்களா?” என்று கேட்டேன். “எக்ஸ்எம்பி மட்டும் போட்டேன். ஓவர்கிளாக் எதுவும் செய்யவில்லை” என்றார்.

நம் சிக்கல் முழுவதும் இந்தப் பதிலுக்குள் இருக்கிறது. அவரிடம் இருந்தவை 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு. ரேம் வந்த பெட்டியில் வேகம் 3600 என்று கொட்டை எழுத்து. ஆனால் டிடிஆர்4-க்கான பொதுத்தரம் 3200-உடன் முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே போவதெல்லாம், தயாரித்தவரே அச்சிட்டுத் தந்தாலும், ஓவர்கிளாக்கிங்தான். ரேமுக்குள் எழுதிவைத்த வேகத்தையும் மின்னழுத்தத்தையும் நேர அளவுகளையும் தாய்ப்பலகை (மதர்போர்டு) அப்படியே எடுத்துக்கொள்ள இன்டெல் கொண்டுவந்த ஏற்பாடு எக்ஸ்எம்பி. அதைத் தட்டிவிட்டால் 1.2 வோல்ட்டில் ஓட வேண்டிய ரேம் பெரும்பாலும் 1.35 வோல்ட்டுக்குப் போய்விடும். ஒரே தட்டில் முடிவதால் மாணவருக்கு அது ஒரு செயலாகவே தோன்றவில்லை. ஓவர்கிளாக்கிங் என்றால் திரவ நைட்ரஜன் ஊற்றிச் செய்யும் வீரவிளையாட்டு என்று நினைத்திருக்கிறார்.

‘மிகை’யை முன்னால் நிறுத்தினால் இந்த மயக்கம் இன்னும் இறுகும். தமிழில் மிகை என்பது குற்றம் சாட்டும் சொல். மிகைநடிப்பு என்கிறோம், மிகைப்படுத்தாதே என்கிறோம். தான் செய்வது மிகை என்று எவர் ஒப்புக்கொள்வார்? கடிகாரம் அதைவிடப் பரிதாபம். ‘மிகைக்கடிகாரம் செய்த கணினி’ என்று என் கடைப் பையனிடம் சொல்லிப் பார்த்தேன். எந்தக் கடிகாரம், பேட்டரி மாற்ற வேண்டுமா என்று கேட்டான். முடுக்கமும் ஆகாது. வேகம் மாறிக்கொண்டே போவதைத்தான் இயற்பியல் பாடத்தில் முடுக்கம் என்கிறார்கள். இங்கே வேகம் ஏறிய இடத்தில் நிலையாக நிற்கிறது.

மேற்காலம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. எவ்வளவு அழகான சொல்! ஆனால் தவிலில் மேற்காலம் வாசிக்கும்போது தாளம் போடுகிற கை அதே நிதானத்தில்தான் போகிறது. ஒரு தட்டுக்குள் விழும் சொற்கள்தான் இரட்டிக்கின்றன. டிடிஆர் நினைவகம் செய்வது அச்சு அசல் இதையே. நினைவகத்துக்குத் தாளம் போடுகிற கடிகைத் (கிளாக்) துடிப்பு ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை என்று ஒரு துடிப்பில் இரண்டு தடவை தரவு போகிறது. அதனால்தான் பெட்டியில் 3600 என்று போட்டிருந்தாலும் உள்ளே ஓடுவது 1800 மெகாஹெர்ட்ஸ். ஓவர்கிளாக்கிங் அப்படியல்ல, தாளம் போடும் கையையே விரட்டுவது. வித்துவான் பாஷையில் சொன்னால் காலப்பிரமாணத்தை, அதாவது தாளத்தின் அடிப்படை வேகத்தை, ஏற்றுவது. ஆகவே மேற்காலத்தைத் தூக்கி எறிய வேண்டாம், டிடிஆரை விளக்கும் பக்கத்தில் குடிவைத்துவிடுங்கள்.

ஓவர்கிளாக்கிங்குக்கு நான் முன்வைப்பது துடிப்பேற்றம். சித்திரைத் திருவிழாவின் கொடியேற்றம் தெரிந்த ஊரில் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது. துடிப்பேற்றினேன், துடிப்பேற்றிய ரேம் என்று வினையாகவும் அடையாகவும் வளைகிறது. எதிர்ச்சொல் துடிப்பிறக்கம் தானாகவே வந்து சேருகிறது. பழுதுநீக்குபவனுக்கு இந்த எதிர்ச்சொல்தான் முக்கியம், ஏனென்றால் பாதி நோய்க்கு அதுதான் மருந்து.

சொல்லை வேலையில் வைத்தும் பார்த்தேன். முதலில் தாய்ப்பலகையின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். ரேம் 2133-க்கு இறங்கியது. ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86 ஓடவிட்டதில் ஒரு பிழையும் இல்லை. அப்படியென்றால் சில்லு நலம், துடிப்பேற்றத்தில்தான் கோளாறு. கணினிப் பெட்டியைத் திறந்தால் இரண்டு ரேமும் முதல் இரண்டு செருகிடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. நான்கு செருகிடம் உள்ள தாய்ப்பலகையில் இரண்டு ரேம் மட்டும் போட்டால், செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடச் சொல்லிக் கையேடுகள் தலையால் அடித்துக்கொள்கின்றன. யார் படிக்கிறார்கள்? இடம் மாற்றி, 3600-ஐ மறுபடி வைத்து, இரவு முழுக்கச் சோதித்தேன். பிழையே இல்லை. மாணவரை வரச்சொல்லிவிட்டேன்.

அங்கேதான் ஏமாந்தேன். அவர் வந்தது கத்திரி வெயிலில், மதியம் இரண்டு மணிக்கு. கண் முன்னாலேயே ஆட்டத்தைத் தொடங்கினார். இருபதாவது நிமிடம் நீலத் திரை. நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டும் ஒரு துளி மின்னூட்டமாக நிற்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும். வழக்கமாக 64 மில்லி நொடிக்குள் ஒரு சுற்று எல்லாவற்றையும் புதுப்பித்தாக வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவு விரைவுபடும். இரவில் ஓடியது வெறும் நினைவகச் சோதனை. மதிய ஆட்டத்தில் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து பெட்டிக்குள் அனல் தள்ளுகிறது. மதுரையில் ரேமைச் சோதிப்பவர் இரவுச் சோதனையை நம்பக்கூடாது என்று உங்கள் கையேட்டில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு துடிப்பை 3200-க்கு இறக்கி, கேட்ட தரவு வர எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் லேட்டன்சி எண்ணை 18-லிருந்து 16-க்குக் குறைத்தேன். 1800 மெகாஹெர்ட்ஸில் 18 துடிப்பு என்பது 10 நானோ நொடி. 1600-இல் 16 துடிப்பும் அதே 10 நானோ நொடிதான். லேட்டன்சிக்கு ‘சுணக்கம்’ என்றே நான் சொல்லிவருகிறேன், யாரும் பொருள் கேட்டதில்லை. மூன்று நாள் மதிய வெயிலில் ஆட்டத்தையும் சோதனையையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பிழையின்றி அனுப்பிவைத்தேன். ரசீதில் ‘துடிப்பேற்றம் நீக்கப்பட்டது; 3600-லிருந்து 3200’ என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, “அப்படியென்றால் எக்ஸ்எம்பியும் துடிப்பேற்றம்தானா?” என்று கேட்டார். ஒரு வாரமாக நான் வாயால் சொல்லிப் புரியாததை ரசீது சொல்லிவிட்டது.

அண்ணாநகரிலிருந்து:

தம்பி, நான் செவிலியராக இருபது ஆண்டு வேலை பார்த்தவள். துடிப்பேற்றம் என்று பார்த்ததும் என் கை நாடி பிடிக்கப் போகிறது. கணினிக்கு வெளியே இந்தச் சொல் குழப்பும். முன்னால் ‘கடிகை’ சேர்க்கலாமே?

சிம்மக்கல்லிலிருந்து:

அக்கா சொல்வது நியாயம். ஆனால் கடிகைத்துடிப்பேற்றம் என்று நீட்டினால் வாடிக்கையாளர் ஓவர்கிளாக்கிங்குக்கே திரும்பிப் போய்விடுவார். அந்தந்த உறுப்பின் பெயரைச் சேர்த்தால் போதாதா? நினைவகத் துடிப்பேற்றம், செயலித் துடிப்பேற்றம். கணினிக்குள் வந்துவிட்ட பிறகு வெறும் துடிப்பேற்றம்.

திருநகரிலிருந்து:

அப்படியே வைத்துக்கொள்கிறேன். அத்தியாயத் தலைப்பு ‘நினைவகத் துடிப்பேற்றமும் கோளாறுகளும்’.

இன்னொன்று மிச்சமிருக்கிறது. கணினி எழும்போது தாய்ப்பலகை, தெரிந்த தரவை ஒவ்வொரு தடத்திலும் அனுப்பி, திரும்பப் படித்து, எந்த நேரத்தில் படித்தால் சரியாக வருகிறது என்று திருத்திக்கொள்கிறதே, அந்த மெமரி ட்ரெயினிங். டிடிஆர்5 வந்த பிறகு முதல் தடவை சில நிமிடங்கள்கூடத் திரை கறுப்பாகவே இருக்கிறது. பழுது என்று பயந்து மாணவர்கள் நடுவிலேயே மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். ‘பயிற்சி’ என்று போட மனமில்லை, அந்தச் சொல்லைச் செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தற்காலிகமாகச் ‘சுருதி சேர்த்தல்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். மேற்காலத்தை இடம் மாற்றியதில் வித்துவானுக்கு வருத்தமில்லையென்றால், இதற்கு அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.