டப்பா ராஜ்மாவை சில்லியில் எப்போது போடுவது?

வணக்கம். காட்பாடியில் இருந்து எழுதுகிறேன். அமெரிக்காவில் இருந்து வந்திருக்கும் அக்கா மகன் சில்லி (கொத்துக்கறி, தக்காளி போட்டுக் காரமாகக் கொதிக்கவிடும் அந்த ஊர்க் குழம்பு) கேட்கிறான். டெக்சாஸ் பக்கம் பீன்ஸே சேர்க்கமாட்டார்கள், இவனுக்கு ராஜ்மா பீன்ஸ் போட்டதுதான் வேண்டும்.

போன முறை டப்பா ராஜ்மாவைக் கொத்துக்கறி, தக்காளியோடு ஆரம்பத்திலேயே போட்டுவிட்டேன். ஏற்கெனவே வெந்தது அல்லவா, தோல் தனியாகக் கழன்று, உள்ளே மாவாகக் கரைந்து, அடியும் பிடித்துவிட்டது. கொழகொழவென்றிருந்த டப்பாத் தண்ணீரையும் ஊற்றியதில் உப்பு தூக்கல்.

இந்த முறை நன்றாக அலசி வடித்து, கடைசி 20 நிமிடத்தில் போடலாம் என்றிருக்கிறேன். அதற்குள் காரம் உள்ளே இறங்குமா? கெட்டியாக ஒரு கைப்பிடியை மசித்துச் சேர்க்கலாமா?

அப்புறம், சத்துவாச்சாரி பக்கம் டப்பா ராஜ்மா எங்கே கிடைக்கும்? இல்லையென்றால் காய்ந்ததை ராத்திரியே ஊறவைத்துக் குக்கரில் தனியாக வேகவைக்க வேண்டும். தக்காளிப் புளிப்பில் அது சீக்கிரம் வேகாது.

ஞாயிறு மதியம் சமையல். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.