குழு: அப்பப்பாட கடை

பெரியப்பா, காலை 6:40
பிள்ளைகள், கடையின் பின்பக்கம் மூன்று கூரைச் சீற் வெடித்து ஒழுகுகிறது. மாரிக்கு முன்னம் மாற்ற வேண்டும். வாடகைக்கு இருக்கிற தம்பி ஏசி பைப்புக்குக் கூரையில் ஒரு துளையும் கேட்கிறார். மேசன் நாளைக்குக் கிரைண்டரோடு வருவார்.

சுதா
அது 78 சூறாவளி கூரையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அப்பப்பா போட்ட அஸ்பெஸ்டஸ்தானே?

பெரியப்பா
ஓம். ஓடு வாங்கக் காசில்லாத நேரம்.

ரூபன் லண்டன்
பெரியப்பா, கிரைண்டர் மட்டும் வேண்டாம். இங்கே பழைய கடைகளையும் கந்தோர்களையும் பராமரிப்பதுதான் என் வேலை. 2000க்கு முன் கட்டியது என்றால் அஸ்பெஸ்டஸ் இருக்கும் என்று நினைத்துத்தான் கை வைப்போம். எங்கெங்கே இருக்கிறது என்று பதிவேடு இருக்கும். துளை போட வருகிறவருக்கு முதலில் அதைக் காட்ட வேண்டும்.

பெரியப்பா
உங்கள் ஊரில் தடை. இங்கே இன்றைக்கும் விற்கிறார்களே. அப்பப்பா அதே கூரைக்குக் கீழேதான் 88 வயதுவரை கணக்குப் பார்த்தார்.

ரூபன் லண்டன்
சும்மா கிடக்கிற நல்ல சீற்றால் பெரிய ஆபத்தில்லை, அதிலுள்ள அஸ்பெஸ்டஸ் நாரைச் சீமெந்து பிடித்து வைத்திருக்கும். வெட்டினால், துளைத்தால், உடைத்தால்தான் நார் தூசியாகக் கிளம்பும். கண்ணுக்குத் தெரியாது, அப்போது இருமலும் வராது. 20, 30, 40 வருசம் கழித்துப் புற்றுநோயாக வரும். அப்பப்பாவை விட, தினமும் சீற் வெட்டுகிற மேசனை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

கபிலன்
அவர் பீடி வேறு பிடிப்பார் அண்ணன்.

ரூபன் லண்டன்
இரண்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய்க்கான ஆபத்து பல மடங்கு.

மாமி
நீல அஸ்பெஸ்டஸ்தான் கூடாது, வெள்ளை வகையால் ஒன்றுமில்லை என்றார்களே?

சுதா
நீலத்தை இலங்கையில் 1987இலேயே தடை செய்துவிட்டார்கள் மாமி. வெள்ளையும் புற்றுநோய் தரும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2017இல் அதையும் நிறுத்தப் பார்த்தார்கள். ரஷ்யா நம் தேயிலையில் வண்டு கண்டதாகச் சொல்லி வாங்குவதை நிறுத்த, தடை பின்னுக்குப் போய்விட்டது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் வருவதும் பெரும்பாலும் ரஷ்யாவில் இருந்துதான்!

பெரியப்பா
வண்டுக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தமோ. சரி, முழுக்க மாற்றித் தகரம் போட்டால் வெக்கையான கச்சான் காற்றுக்குக் கடை அடுப்பாகிவிடுமே.

ரூபன் லண்டன்
முழுக்க மாற்றத் தேவையில்லை. வெடித்த மூன்றையும் வெட்டாமல் முழுசாக இறக்குங்கள். முதலில் தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கலந்து மெல்லத் தெளித்து ஊற விடுங்கள். ஹூக் ஆணியை இழுத்துப் பிடுங்காமல் அறுத்து எடுக்கச் சொல்லுங்கள். மேலே இருந்து எறிய வேண்டாம். கொரோனா நேரத்து நீல மாஸ்க் உதவாது, மிக நுண்ணிய தூசியைத் தடுக்கிற FFP3 தர மாஸ்க் வேண்டும். கீழே விழுந்ததைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, துணியையும் கட்டிப் போடுங்கள். மற்ற சீற்றுகளில் பாசி இருந்தால் இருக்கட்டும், சுரண்ட வேண்டாம்.
முக்கியமானது: சீற்றின் மேல் யாரும் ஏறி நிற்கக் கூடாது. இற்றுப்போன சீற் ஆளோடு இறங்கும். புற்றுநோய்க்கு 30 வருசம், இதற்கு ஒரு நொடி.

கபிலன்
ஏசி பைப்பைச் சுவரால் விடலாம் பெரியப்பா, செங்கல்தானே. நான் அளந்து பார்க்கிறேன். கழற்றுகிற சீற்றை உடைத்து ஒழுங்கைப் பள்ளத்தில் போடுவோம் என்று மேசன் அண்ணன் சொன்னார்.

ரூபன் லண்டன்
ஐயோ, வேண்டாம்! வண்டி ஏறி ஏறி மாவாகும். தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டி, மேலே அஸ்பெஸ்டஸ் என்று எழுதி வை. எங்கே கொடுப்பது என்று மாநகர சபையில் கேள்.

பெரியப்பா, காலை 8:15
மேசனோடு கதைத்தேன். கிரைண்டர் இல்லாமல் வருவார். ஒரு நாள் வேலைக்கு இரண்டு நாள் கூலி கேட்கிறார். சரி என்றேன்.

மாமி
அண்ணன், போன தரம் கழற்றின துண்டுகளைத்தானே என் கோழிக்கூட்டுக்கு அடித்துத் தந்தீர்கள்?

சுதா
மாமி, அதைத் தேய்த்துக் கழுவுவீர்களா?

மாமி
சனிக்கிழமை தோறும். தும்புத்தடியால்.

கபிலன்
கை வைக்காதீர்கள் மாமி. பின்னேரம் வருகிறேன்.